இல்லாத பூனைக்கு இரங்கல்

திங்கட்கிழமை, காலை

மாண்புமிகு ஆசிரியருக்கு (வீட்டு வழக்கில்: ஏய் அண்ணா),

நலம். நலமறிய அவ்வளவாக ஆவல் இல்லை.

நீ தினமும் ஊருக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பும் செய்தித் தொகுப்பு, இன்றைய ‘காலை இணைப்பு’, வந்தது. எந்த மென்பொருளில் ஓட்டை விழுந்தது, எந்த நிறுவனம் யாரையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியது, எந்த நிரல்மொழிக்குப் புதுப் பதிப்பு என்று வழக்கம்போல் உலகத்தை வரிசையில் நிறுத்தியிருக்கிறாய். சரி. கடைசியில் வால் செய்தி. தினமும் தொகுப்பை ஒரு கோமாளிச் செய்தியோடு முடிக்க வேண்டும் என்பது சாப்பாட்டு மேசையில் நாம் இருவரும் போட்ட சட்டம். அதைத் தேடி எழுதுவது என் வேலை. அடியில் ‘வால்: குட்டிச்சாத்தான்’ என்று நீ வைத்த பட்டப்பெயர் வரும்.

வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும், “நீ பரீட்சைக்குப் படி, நான் பார்த்துக்கறேன்” என்றாய். பார்த்துக்கொண்ட லட்சணம் இது: ‘சேமிப்புச் சேவை ஒன்றின் மாதக் கட்டணம் மாற்றியமைக்கப்பட்டது. வால்: குட்டிச்சாத்தான்.’ இது வாலா? பல்லி அறுத்துப் போட்ட வால்கூட இதைவிடத் துள்ளும். கணினி மிஸ் இதை வகுப்பில் வாசித்துவிட்டு, “என்னம்மா குட்டிச்சாத்தான், அதுக்குள்ள வயசாயிடுச்சா?” என்றார். நான் எழுதாததற்கு நான் ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்?

என்னை எழுத விடு. இல்லாவிட்டால் என் பெயரை எடு.

உன் நாற்காலியில் இப்போது துவைத்த துணி உட்கார்ந்திருக்கிறது. உன்னைவிட அது கலகலப்பு.

இப்படிக்கு,
வாடகைக்கு விடப்பட்ட வால்


திங்கட்கிழமை, சற்று நேரத்தில்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு மனம் நிறைந்தது. நீ முன்வைத்துள்ள கருத்துகள் மிகவும் முக்கியமானவை. அவற்றை நிச்சயம் கவனத்தில் கொள்கிறேன். ‘காலை இணைப்பு’ மீது நீ காட்டும் ஆர்வம் எனக்குப் பெரும் ஊக்கம். படிப்பில் கவனம் செலுத்து. வீட்டில் உள்ள அனைவருக்கும், துணிகளுக்கும் என் அன்பைத் தெரிவி.

என்றும் பாசமுடன்,
உன் அண்ணன்


செவ்வாய்க்கிழமை

அண்ணனாக இருக்கக்கூடியவருக்கு,

‘அன்புத் தங்கை’யா? நான் பிறந்த நாளிலிருந்து ‘ஏய்’, ‘சனியனே’, ஏதாவது தேவைப்பட்டால் ‘ராஜாத்தி’. இந்த மூன்றைத் தவிர உன் வாயில் வேறு எதுவும் வந்ததில்லை. துணிகளுக்கு அன்பு தெரிவித்தேன். சட்டை வெட்கத்தில் சுருங்கிவிட்டது. உடம்பு சரியில்லையா, இல்லை ஆளே மாறிவிட்டாயா?

போகட்டும், வீட்டுச் செய்தி. நம் பூனை நேற்று செத்துப்போய்விட்டது. அப்பா அதை மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

அதற்குக் கீழே இன்னொன்று. வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. சின்னதுதான் என்கிறார் டாக்டர். ஆனால் அம்மா கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள். உனக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை, ‘கூட்டத்தில் இருக்கிறேன்’ என்று செய்திதான் வருகிறது. “நீ எழுதிப் போடுடி. அவன் போன் எடுக்கலைன்னாலும் எழுதினா படிப்பான்” என்றாள். எழுதிவிட்டேன். வருகிறாயா?

இப்படிக்கு,
சந்தேகப் பிராணி


செவ்வாய்க்கிழமை, சற்று நேரத்தில்

அன்புத் தங்கைக்கு,

பூனையின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த வேதனை அடைந்தேன். அதன் மென்மையான நடையும் குறும்புப் பார்வையும் என்றும் நம் நெஞ்சில் நிலைத்திருக்கும். அப்பாவுக்கு என் ஆறுதலைச் சொல். அம்மாவின் மருத்துவ நடவடிக்கை இனிதே நடைபெற வாழ்த்துகள்.

என்றும் பாசமுடன்,
உன் அண்ணன்


புதன்கிழமை

எந்திரத்துக்கும், அதன் முதலாளிக்கும்,

நம் வீட்டில் பூனை கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது. பூனைப் படம் போட்ட நாட்காட்டியைப் பார்த்தாலே தும்முகிற மனுஷன் அப்பா. அவர் மடியில் பூனையாம், அதற்கு மென்மையான நடையாம்.

ஆக, தொகுப்பையும் எந்திரம்தான் போடுகிறது, என் கடிதத்துக்கும் எந்திரம்தான் பதில் போடுகிறது. நீ நடுவில் எதற்கு, மின்சாரக் கட்டணம் கட்டவா?

இனி போர்தான். ஆனால் நான் முதுகில் குத்துகிறவள் இல்லை. முன்னாலேயே சொல்லிவிட்டுக் குத்துவேன். நாம் முதன்முதலில் கட்டிய சோதனைப் பக்கம் நினைவிருக்கிறதா? அதில் நான் எதை எழுதினாலும் உன் நிரல் அதையே வாலாக எடுத்துக்கொள்ளும்படி நீதான் அமைத்துக் கொடுத்தாய். அதை இன்னும் கழற்றாமலே வைத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமைக்கான வாலை அங்கே வைத்துவிட்டேன். அனுப்பும் முன் ஒரே ஒரு தடவை வாசி. பிடிக்காவிட்டால் அடித்துவிடு, வாயே திறக்க மாட்டேன். நீ வாசித்தாய் என்று தெரிந்தாலே போதும்.

நாளைக்கு அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. நீ வரமாட்டாய் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
குத்தப்போகிறவள்


புதன்கிழமை, சற்று நேரத்தில்

அன்புத் தங்கைக்கு,

உன் புதிய முயற்சிக்கு மனமார்ந்த வாழ்த்துகள்! வெள்ளிக்கிழமை வாலை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்.

என்றும் பாசமுடன்,
உன் அண்ணன்


வெள்ளிக்கிழமை, மதியம்

ஏய் சனியனே,

அறிவிருக்கா உனக்கு? இன்னைக்குக் காலைல என் பேர்ல ஊருக்கெல்லாம் போயிருக்கு பாரு:

‘தினசரித் தொழில்நுட்பத் தொகுப்பு ஒன்றின் ஆசிரியர், தன் தொகுப்பைத் தானே வாசிப்பதில்லை என்பது உறுதியாகியுள்ளது. சொந்தத் தங்கையின் கடிதங்களுக்கும் அவருடைய எந்திரமே பதில் எழுதுகிறது. இல்லாத பூனை ஒன்றின் மறைவுக்கு அவர் ஆழ்ந்த வேதனை தெரிவித்துள்ளார். வால்: குட்டிச்சாத்தான்.’

ஆபீஸ்ல காபி மெசின் பக்கம் போனா பின்னாடி மியாவ்ங்கிறானுங்க. மேனேஜர் கதவத் தொறந்து வெச்சுக்கிட்டே கேக்குறார், “தம்பி, எங்களுக்கு எழுதுற நிரலயாவது நீ வாசிக்கிறியா, இல்ல அதுக்கும் பூனைதானா?”ன்னு. இதுவரைக்கும் நான் எழுதினது எல்லாத்தையும் இன்னொருத்தன் உக்காந்து சரி பாக்கப் போறானாம். உனக்கு இது விளயாட்டு. எனக்கு இது சோறு.

ராத்திரி ரூமுக்கு வந்தா கண்ணு எரியும், எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியும். அதுக்கப்புறம் உக்காந்து ஊர்ச் செய்தியெல்லாம் படிச்சுத் தொகுக்கணும், காலைல குளிக்கறதுக்கு முன்ன அனுப்பணும். நிறுத்திடலாம்னு எத்தன தடவ நெனச்சேன் தெரியுமா? எந்திரம் போட்டா என்ன தப்பு? ஒரு நாளாவது நின்னுச்சா? அந்தக் கடுதாசிப் பதிலும் வாசகருங்களுக்குன்னு வெச்சதுதான், உனக்கும் சேத்துப் போயிருக்கு. போனா போகட்டும், செத்தா போயிட்ட?

உன் பேர எடுத்தாச்சு. வாலயும் வெட்டியாச்சு. இனிமே எனக்கு எழுதாத.

உன்னால சந்தி சிரிச்சவன்


வெள்ளிக்கிழமை, மாலை

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. மூச்சே விடாமல், பிழைக்கு மேல் பிழையாக, கடைசியில் ‘செத்தா போயிட்ட’ வரைக்கும். சந்தேகமே இல்லை, நீதான்.

மேனேஜர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு முன் உன் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தேன். பூனை இருக்கிறது. மேனேஜர் இருக்கிறார். காபி மெஷின்கூட இருக்கிறது. அம்மாவை எங்கேயும் காணோம்.

செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை எடு. பூனைக்குக் கீழே பார். இப்போதாவது.

நேற்று முடிந்துவிட்டது. நல்லபடியாகத்தான். ஒரு கண்ணில் கட்டு இருக்கிறது. உள்ளே கூட்டிப்போகும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, “அவன் என்னடி எழுதியிருக்கான், படி” என்றாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்து எதுவும் சரியாகத் தெரியாது, நான் எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். புளுகுவது எனக்குக் கைவந்த கலை. அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. இருந்ததையே வாசித்தேன்: ‘அம்மாவின் மருத்துவ நடவடிக்கை இனிதே நடைபெற வாழ்த்துகள்.’

“யாருடி இது?” என்றாள் அம்மா.

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

இன்றைக்கு உன் திட்டையும் வாசித்துக் காட்டினேன். ‘ஏய் சனியனே’ என்றதுமே கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, “இவன்தான்” என்றாள். முழுக்கக் கேட்டாள். கண் எரிகிறது என்ற இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

இது சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே. என் பெயரை எடுத்தது நல்லது, திரும்பப் போடாதே. அம்மா சொல்லச் சொன்னது: “அவனை முதல்ல கண்ணைக் காட்டச் சொல்லு.” நான் சொல்வது இவ்வளவுதான்: உன் நாற்காலியில் துணி அப்படியே குவிந்து கிடக்கிறது. நான் எடுக்க மாட்டேன். வந்தால் நீயே மடித்து வைத்துவிட்டு உட்கார்.

குட்டிச்சாத்தான்