கம்பளிக் கோட்டு வராமல் கதவு திறக்காது

அன்புள்ள கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஊரில் இருக்கிற மகளிடம் சுகமாக இருக்கிறாயா என்று கேட்பதா, இருந்தாயா என்று கேட்பதா என்று அப்பாவுக்குச் சந்தேகம். எப்படிக் கேட்டாலும் பதில் எழுது.

காலக் கதவின் சந்து வழியாக நீ போட்ட கடிதத்தை, அதைக் காக்கிற கதவுக்காரர் நேற்று தையல் கூடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளம் எந்தத் தெருவரை ஏறியது என்று அளந்துகொண்டு வரத்தானே உன்னை அந்தக் காலத்துக்கு அனுப்பினார்கள், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதிக்கச் சொன்னது யார்? கூரைமேல் மாட்டிக்கொண்ட சின்னப்பெண்ணை நீ முதுகில் சுமந்து நீந்திய கதையை அப்பா அடுத்த வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் சொல்லியாயிற்று, ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளம் ஒரு அடி கூடிக்கொண்டே போகிறது. நான் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பாதி பெருமையில்தான். மீதிப் பாதி, நான் உனக்குத் தைத்துக் கொடுத்த கம்பளிக் கோட்டை நடுங்கிய அந்தப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாய் என்று படித்ததால். இங்கிருந்து போனது நூல், பொத்தான் உட்பட எல்லாம் உன்னோடு திரும்பி வந்தால்தான் கதவு திறக்கும் என்று உனக்குத் தெரியாதா? இந்த மாதக் கடைசியை விட்டால் இனி ஒன்பது வருஷம் கழித்துத்தான் திறக்கும். வேறு கோட்டு தைத்து அனுப்புகிறேன் என்று கதவுக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அதுவும் இந்தக் காலத்துத் துணிதானேம்மா, அதுவுமில்ல திரும்பி வரணும் என்று கையை விரித்துவிட்டார்.

துணிக்கடையெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது, கோட்டைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை, என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டிருக்கிறாய். தை. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்தவள்தான் நீ, ஆனாலும் தைக்கத்தான் வேண்டும். வெள்ளத்துக்கு ஒதுங்கியபோது உனக்கு அங்கே கூடாரத்தில் ஒரு முரட்டுக் கம்பளிப் போர்வை கொடுத்தார்களே, அதை எடு. அதையே அவளுக்குக் கொடுத்தால் போதாதா என்று அப்பா கேட்டார். போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டே பிள்ளை எப்படி ஓடியாடும், இரண்டு கையும் வேண்டாமா? நீ தங்கியிருக்கிற வீட்டுச் சலவைக்காரம்மாவிடம் ஊசி நூல் கேள், அந்தக் காலத்துச் சாமான் அங்கேயே இருந்துவிடலாம். அந்தச் சின்னப்பெண்ணின் தோளையும் கையையும் கயிறு பிடித்து அள. வெள்ளத்தை அளந்தவளுக்கு ஒரு பிள்ளையை அளக்க முடியாதா? முதுகுக்கு ஒரு துண்டு, முன்னுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, எல்லாவற்றிலும் சுற்றி இரண்டு விரல் கூட விட்டு வெட்டு. முதலில் தோளைச் சேர், பிறகு கையை வை, அப்புறம் மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டமாகத் தை. ஒவ்வொரு தையலுக்கும் ஊசி ஒரு எட்டு பின்னால் போய் முன்னால் வரவேண்டும், உனக்குப் பழகிய வேலைதான். கீழ் ஓரத்தையும் கை ஓரத்தையும் நாலு விரல் உள்ளே மடித்துவிடு, வளருகிற பிள்ளை. கோணலாக வந்தால் வரட்டும், குளிருக்கு அது தெரியாது.

மாதக் கடைசிக்குள் முடித்துவிட்டால் அவளுக்கு அதைப் போட்டுவிட்டு, என் கோட்டையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஓடி வா. முடியாவிட்டால் அவள் மேலிருந்து கழற்றிக்கொண்டு மட்டும் வராதே. இந்த வரியை எழுதிவிட்டு அப்பாவிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தார், எழுந்து கொல்லைப்பக்கம் போனார், திரும்பி வந்து அதை அடிக்க வேண்டாம் என்றார். உன்னைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஒன்பது வருஷத்தில் எனக்குக் கண் மங்கும், அவருக்கு முட்டி தேயும். இருந்தாலும் எங்களால் காத்திருக்க முடியும். அந்தப் பிள்ளைக்கு இப்போதே குளிர்கிறது.

எந்த வருஷத்தில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு தூங்காதே. இதைப் படித்து முடித்த கையோடு ஊசியில் நூலைக் கோர்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா