தம்பியின் கால் படம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும். போன தடவை போனில் அழுதுவிட்டு ஜலதோஷம் என்றாய். பெற்றவளுக்குத் தெரியாதா.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அவன் உடம்பை வைத்துப் போட்ட மருத்துவப் பாடத்தையே இன்னும் படிக்க வேண்டுமா என்று உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றாய். நானும் அங்கே பேசப்போகிறேன், தம்பி கடைசியாக எனக்கு அனுப்பிய கால் படத்தை அங்கே காட்டலாமா என்று கேட்டிருந்தாய். செத்த பிள்ளையப் பாடமாக்கணுமா என்று சொல்லிவிட்டு, சோற்றில் கை வைத்த அப்பா எழுந்து போய்விட்டார். எனக்கும் அன்று உன் மேல் வருத்தம்தான்.

போன வாரம் அந்த டாக்டர் நம் தையல் கடைக்கு வந்தார். கால் சிவக்கவில்லை, வெறும் சுளுக்கு என்று தம்பியை மாத்திரை கொடுத்து அனுப்பினாரே, அவர்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை, சட்டை தைக்க வந்தவர் என்று அளவு நாடாவை எடுத்துவிட்டேன். அவர் இயந்திரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினார். உள்ளே சீழ் பிடிச்சா தோல் சிவக்கும்னுதான் படிச்சேன், புத்தகத்துல இருந்த காலெல்லாம் வெளுத்த கால், என் தோலும் உங்க பையன் நிறம்தான், அப்பவும் எனக்குத் தோணலயே என்று. நம் நிறத்தில் அது கறுத்து மினுங்குமாம், தொட்டால் சுடுமாம். பிறகுதான் தெரிந்துகொண்டாராம். இத்தனை நாளும் அவரைத் திட்டித் திட்டித்தான் அப்பாவுக்குச் சோறு இறங்கியது. அன்று திட்டவில்லை, உட்காரச் சொன்னார். அவர் போனபின், பித்தான் தைத்துக்கொண்டிருந்த ஊசியை அப்படியே வைத்துவிட்டு, இனிமே நான் யாரத் திட்டுறது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எதற்கெடுத்தாலும் அரசியல் பேசுகிறீர்கள், இருக்கிற பாடமே மலை மாதிரி கிடக்கிறது என்று கூடப் படிக்கிறவர்கள் சிலர் சொல்வதாக எழுதியிருந்தாய். அவர்களோடு மல்லுக்கு நிற்காதே. படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த அலுப்பு இருக்கும்தான். பழைய புத்தகத்தை எரிக்கச் சொல்லவில்லை, எங்கள் உடம்பையும் அதில் சேருங்கள் என்றுதானே கேட்கிறாய், அதைப் பொறுமையாகச் சொல். உனக்குக் கோபம் வந்தால் பேச்சு தடுமாறும், தண்ணீர் குடித்துவிட்டுப் பேசு.

படத்தைக் காட்ட அப்பா நேற்று சம்மதித்துவிட்டார். முகத்தை வெட்டிவிட்டுக் காலை மட்டும் காட்டுகிறேன், அதுதான் வழக்கம் என்றாய். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, யானைக்கால் பாரு அக்கா என்று சிரிக்கிறானே, அந்த முகத்தையா வெட்டுவாய்? வெட்ட வேணாம்னு சொல்லு, முதல்ல எம்பிள்ளையப் பாக்கட்டும், அப்புறம் காலப் பாக்கட்டும் என்றார் அப்பா.

ஈரத் தலையோடு படுக்காதே. பேசி முடித்ததும் எந்த நேரமானாலும் போன் செய், நாங்கள் விழித்திருப்போம். எடுத்த காரியம் கைகூடி நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உன்னையும் அவனையும் பெற்ற
அம்மா