சுண்டு விரலின் சொந்தக்காரி

மார்ச் 3

நான் வேலை பார்த்த இரத்த வங்கியை மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தது போதும். இன்று முதல் அக்காவின் ஆய்வகத்தில் வேலை. தங்கச்சி என்பதால்தான் கிடைத்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. இத்தனை வருடம் ரத்தம் பிரித்தவளுக்கு எலும்புத் தூள் பிரிக்கவா தெரியாது?

வாசல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுண்டுவின் நகல் இருக்கிறது. குகையில் அக்கா தோண்டியெடுத்த சுண்டு விரல் எலும்பு, அதனால் சுண்டு. எண்பதாயிரம் வருடம் பழையது என்றார்கள். அதிலிருந்து அக்கா எடுத்த டிஎன்ஏ அப்படியே நம்மைப் போன்ற மனிதர்களுடையது. நாம் இங்கே வந்து சேர்ந்த காலம் நினைத்ததைவிட வெகு முந்தையது என்று பாடப்புத்தகத்தையே மாற்றினார்கள். என் மகள் தேர்வில் பெரியம்மா பெயரை விடையாக எழுதி மதிப்பெண் வாங்கினாள்.

மார்ச் 4

ஆய்வகத்தைக் கட்டி மேய்ப்பவர் ஒரு மேடம். நாள் முழுக்க "கையுறை, கையுறை" என்பதால் அவருக்குக் கையுறை அம்மா என்றே பெயர். புதிதாக வருகிறவர்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுக்க வேண்டுமாம். நம் எச்சிலோ தும்மலோ எலும்பில் பட்டுவிட்டால், வந்திருப்பது எலும்பின் டிஎன்ஏவா நம்முடையதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அக்கா உட்பட எல்லோருடையதும் பெயர் எழுதிய குழாய்களில் உறைபெட்டியில் இருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குறுக்கே வந்தாள். "இவ வெளி அறையிலதான் இருக்கப்போறா. இவளுக்கு எதுக்கு?"

கையுறை அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

மார்ச் 12

அக்கா மாநாட்டுக்குக் கிளம்பிவிட்டாள். விமானம் ஏறும் முன் போன் செய்து "சாப்பிட்டியாடி?" என்கிறாள். எனக்கு நாற்பத்து நாலு வயது.

மார்ச் 14

அக்கா ஊரில் இல்லாத சமயம் பார்த்துக் கையுறை அம்மா குச்சியோடு வந்து நின்றார். "டைரக்டர் தங்கச்சியா இருந்தாலும் எச்சில் எச்சில்தான். வாயைத் திறங்க." திறந்தேன்.

மார்ச் 19

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

என் முடிவு வந்தது. ஒப்பிடும் வேலையும் என்னுடையதுதான், முதலில் பார்த்தவளும் நான்தான். என் வரிசையும் சுண்டுவின் வரிசையும் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. ஓர் எழுத்துகூட மாறவில்லை. இது தாய்வழி டிஎன்ஏ. அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு அப்படியே வருவது.

நான் அந்த எலும்பைத் தொட்டதே இல்லை. கண்டெடுத்த புதிதில் அக்கா கூட்டிவந்து காட்டினாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. அப்படியானால் அக்காவின் எச்சில்தான் பட்டிருக்க வேண்டும். மனுஷிதானே, தவறு நடக்கும். சுண்டுவிடமிருந்து வந்தது எங்கள் வீட்டு டிஎன்ஏ. பாடப்புத்தகத்தில் இருப்பது எங்கள் வீட்டு எச்சில்.

ஆனால் — அக்காவின் குழாயோடும் அது பொருந்தியிருக்குமே, அன்றைக்கே ஏன் பிடிபடவில்லை? அக்காவின் வரிசையைத் திறந்து பார்த்தேன். அதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை.

கூடப் பிறந்தவர்களுக்கு இது ஒன்றாக இருந்தே தீர வேண்டும். இல்லையே. அப்போ நான் யாரு?

மார்ச் 20

சின்ன வயதில் சண்டை வந்தால் அக்காவிடம் ஒரு வசனம் தயாராக இருக்கும். "நீ இந்த வீட்டுப் பொண்ணே இல்லை. உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்." எல்லா வீட்டிலும் சொல்வதுதான். நான் மட்டும் நிஜமென்று நம்பி அழுது தீர்ப்பேன்.

காலையில் அம்மா வீட்டுக்குப் போனேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்டுவிட்டேன். "அம்மா, என்னை நெஜமாவே தவிட்டுக்குத்தான் வாங்கினீங்களா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தாள். "பெத்தவகிட்ட கேக்கற கேள்வியாடி இது? நீ குறுக்கே திரும்பிக் கிடந்தே. ரெண்டுல ஒரு உயிர்தான்னு டாக்டர் சொல்லிட்டார். கையெழுத்துப் போடறப்ப உங்க அப்பாவுக்குப் பேனா பிடிக்க முடியலை."

"அக்கா?"

"அவ சுகப்பிரசவம். அன்னியிலேர்ந்து இன்னிவரைக்கும் அவளால எனக்கு ஒரு தொந்தரவு கிடையாது."

மடியில் முகம் புதைத்து அழுதேன்.

மார்ச் 21

இரண்டு பேரும் ஒரே வயிறு. அப்படியானால் பொய் சொல்வது குழாய்தான்.

அக்காவின் குழாயில் மிச்சமிருந்ததை எடுத்து, அது ஆணா பெண்ணா என்று மட்டும் பார்த்தேன். டிஎன்ஏ ஆய்வகங்களில் குழாய் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் முதலில் பார்ப்பது அதுதான்.

அக்கா பேர் போட்ட குழாயில ஒரு ஆம்பளை.

மார்ச் 22

அத்தான் வீட்டில் தனியாக இருந்தார். அக்கா எப்போதாவது உங்கள் வாயில் பஞ்சுக் குச்சி விட்டாளா என்று கேட்டேன்.

"விட்டாளே. எலும்பு பேப்பர்ல வந்து ஊரே அமர்க்களப்பட்ட சமயம். ஏதோ பரிசோதனைன்னா. உங்க அக்கா திறன்னா திறப்பேன், மூடுன்னா மூடுவேன். கல்யாணமான நாள்லேர்ந்து நம்ம உத்தியோகமே அதானே." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பேப்பரில் வந்த பிறகு. அப்படியென்றால் முதலில் அவளுக்கும் தெரியாது. தெரிந்த பிறகு செய்திருக்கிறாள்.

மார்ச் 26

அக்கா திரும்பிவிட்டாள். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மறுப்பாள் என்று எவ்வளவோ எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை.

"மாஸ்க்கை இறக்கிட்டு யார்கிட்டயோ பேசினேன், அவ்வளவுதான். வேணும்னா செஞ்சேன்? அறிவிச்சதுக்கு அப்புறம்தான் எல்லாரோட எச்சிலையும் கேட்டாங்க. அதுக்குள்ள சந்தேகம் வந்து யாருக்கும் தெரியாம என்னோடதை நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்படியே உக்காந்துட்டேன்."

"இன்னொரு ஆய்வகம் சரிபார்த்துதே?"

"நான் அனுப்பின, என் எச்சில் பட்ட தூளைத்தானே பார்த்தாங்க."

இவ்வளவு பழைய டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும், இது மட்டும் எப்படி முழுசாக இருக்கிறது என்று கேட்டவர்களிடம், குகையின் குளிர் காப்பாற்றியது என்று மேடை மேடையாகச் சொன்னவள் இவள்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலை. நீ அன்னிக்கு எலும்பைக் கையில எடுத்துப் பார்த்தேன்னு சொல்லிடு. பார்க்க வந்தவளோட தவறுன்னு போயிடும்."

"என்னோடது பொருந்தினா உன்னோடதும் பொருந்தணுமே. ஒரே அம்மா ஆச்சே."

"அதைத்தான் யோசிச்சேன். உன்னைத் தத்தெடுத்ததுன்னு சொல்லிக்கலாம். அம்மாகிட்ட நான் பேசறேன்."

விளையாட்டுக்குச் சொன்ன அதே வாய். இப்ப விளையாட்டு இல்லை. என்ன பேச்சு பேசறே நீ? நான் உன் தங்கச்சி. உன் தங்கச்சிடீ.

மார்ச் 27

மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 31

கையுறை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கையுறைகளைக் கழற்றினார். முதன்முறையாக அவருடைய வெறுங்கையைப் பார்த்தேன்.

"அந்தக் குழாயில பேர் எழுதினது நான்தான். குச்சியை அவங்களே வீட்டுலேர்ந்து கொண்டுவந்தாங்க. என் கண் முன்னாடி எடுத்திருக்கணும். டைரக்டரைப் போய் வாயைத் திறங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

மேலிடத்துக்கு அவரே எழுதப்போகிறார்.

ஏப்ரல் 9

விசாரணைக் குழு. அக்கா நினைத்தபடியே சொல்லியிருக்கிறாள். எலும்பை நான் தொட்டேனாம். நான் தத்துப் பிள்ளையாம். குழாயில் ஆண் வந்தது நான் உறைபெட்டியைக் கிளறியதால் நேர்ந்த குளறுபடியாம். புதிதாக ஒருமுறை எச்சில் கொடுங்கள் என்று கேட்டதற்கு, இந்த அவமானத்துக்கு உடன்பட மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாளாம். கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை. அம்மாவையோ அத்தானையோ இதில் இழுத்து எச்சில் கொடுக்க வைக்க எனக்கு மனமில்லை. அவள் கொடுக்காதவரை குற்றவாளி நான். என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. என் முன்னாலேயே அக்காவுக்குப் போன் போட்டாள். கத்தவில்லை. "நான் பெத்ததை இல்லைன்னு சொல்ல நீ யாரு? நாளைக்கு உன்னையும் பெக்கலைன்னு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 15

ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 22

வரச் சொல்லிக் கையுறை அம்மா காலையில் கூப்பிட்டார். வாசல் கூடத்துக் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது.

உள்ளே அக்கா உட்கார்ந்திருந்தாள், எச்சில் கொடுக்க அவளே முன்வந்தாளாம். தலைக்குச் சாயம் பூசவில்லை. குழு ஆள் ஒருவர் சாட்சிக்கு நின்றார். கையுறை அம்மா குச்சியை எடுத்ததும் அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "அவ எடுக்கட்டும்."

கையுறை போட்டேன், மாஸ்க் போட்டேன். எடுப்பதற்கு முன் கேட்டு எழுத வேண்டியவை உண்டு. தெரிந்ததுதான் என்று விட்டுவிடாமல் எல்லாவற்றையும் கேட்டேன். பெயர் கேட்டேன். சொன்னாள். அம்மா பெயர் கேட்டேன். சொன்னாள்.

"அதே தாய்க்குப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

குழாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.