துண்டைப் பார்த்து வந்த எலி

அடையாறு, சென்னை
மாசி, 1997

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இசக்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அறிவொளி வகுப்பில் படித்து நானே எழுதும் இரண்டாவது கடிதம் இது. எழுத்து முன்பைவிட நேராக நிற்கிறது, பார்.

போன கடிதத்தில் எழுதிய சந்தோஷம் தப்பாகிவிட்டது. நம் மகள் இசக்கியைப் போலப் பிறவியிலேயே புத்தி வளராத எலிகளுக்கு, கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த போதையில்லாத மருந்தை நான் வேலை பார்க்கும் இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் விடுவார்கள். உள்ளே மறைந்திருக்கும் மேடையை எலி நினைவு வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு எலி மட்டும் தினமும் தத்தளித்தது. பாவமாக இருந்ததால் அதன் முறை வரும்போதெல்லாம், துடைத்துவிடத் துண்டோடு மேடைப் பக்கமே நின்றேன். அது வழியைக் கற்றுக்கொண்டது. மருந்து பலித்தது என்று உனக்கு எழுதிவிட்டேன்.

நேற்று மறந்துபோய் எதிர்ப்பக்கம் நின்றேன். எலி நேராக என்னிடம் நீந்தி வந்தது.

"பெரியவரே, மருந்துமில்ல ஒண்ணுமில்ல, அது உங்க துண்டைப் பாத்துண்டுன்னா வரது" என்றார் சோதனையை நடத்தும் ஜானு டாக்டரம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் தலை நிமிர முடியவில்லை. அந்த எலியின் சோதனை செல்லாது என்று அடித்துவிட்டார்.

போன கடிதத்தைத் தெருவுக்கே வாசித்துக் காட்டிய சரசக்காளே இதையும் வாசிக்கட்டும். வெட்கம் என்னோடு போகட்டும். நீ மருந்துக்காகக் காத்திருக்காதே.

எலிகள் கண்ணில் படக்கூடாதென்று என் துண்டை இங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறொன்று அனுப்பு. புதிது வேண்டாம், வீட்டில் கிடப்பது போதும்.

குழாயடியிலிருந்து திரும்ப இசக்கிக்கு இன்னும் வழி மறக்கிறதென்றால், தினமும் அந்தச் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார். எலிகளுக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது.

உன்
சுயம்புலிங்கம்