மூன்று தட்டு குறைந்த வரி

என் செல்ல நாத்தனார் கமலாவுக்கு,

நீ போய் நாலு வருஷமாகிறது. உன் மகள் திவ்யா எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். வாய் அப்படியே உன்னுடையது, ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறாள்.

கொச்சியில் மட்டாஞ்சேரி லாட்ஜில் நீ வேலை பார்த்தபோது, தங்கியிருந்த ஸ்பெயின்காரி ஒருத்தி கவிதை கேசட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாளே, நினைவிருக்கிறதா? அதைக் கேட்டுக் கேட்டு மலையாள எழுத்தில் நோட்டில் எழுதி வைத்தாய். அர்த்தம் நம் இருவருக்குமே தெரியாது. வெறும் ஓசையை வைத்துக்கொண்டு சாயா ஆறிப்போகும்வரை சண்டை போடுவோம்.

தமிழ் பி.ஏ. படித்தவள் என்ற திமிர் எனக்கு. வரித் தொடக்கத்தில் எதுகையைத் தேடினேன், கிடைக்கவில்லை. இதெல்லாம் ஒரு கவிதையா என்றேன்.

"தலையில தேடாதீங்க அண்ணி, வால்ல பாருங்க. பார்கோ, மானோ. நடுவுல எந்த எழுத்து வந்தாலும் ஆவும் ஓவும் வந்து நிக்குது."

பிறகு மேசையில் விரலால் தட்டிக் காட்டினாய். வரிக்கு எட்டுத் தட்டு. கடைசி வரிக்கு மட்டும் ஐந்து. நீ சரியாகக் கேட்கவில்லை என்றேன் நான். சரிபார்க்க வழியில்லை, கேசட் நாடா அதற்கு முன்பே சிக்கி அறுந்திருந்தது. உன் நோட்டைப் பிடுங்கி, குறைந்த இடத்தில் நானாக மூன்று ஓசையைச் சொருகினேன்.

"வேண்டா அண்ணி. அங்க கேசட்ல வாசிக்கிறவங்களுக்குத் தொண்டை அடைக்குது. வெண்பாவுக்கும் கடைசி அடி குறைச்சல்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தமிழே ஒழுங்கா வாசிக்க வராது, எனக்குப் பாடம் எடுக்கறியா?"

நீ நோட்டை மூடினாய். அப்புறம் என் முன்னால் அதைத் திறக்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் அதே லாட்ஜுக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். திவ்யா நோட்டோடு போனாள், நானும் கூடவே போனேன். நான் சொருகியதையும் சேர்த்தே வாசித்தாள். அந்தக் கவிதை அவருக்கு மனப்பாடமாம். கடைசி வரியில் கையை உயர்த்தி நிறுத்தினார். கப்பலேறிப் போன தங்கையைக் கூப்பிடும் கவிதையாம் அது. பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் குரல் எழாததால், கவிஞர் வேண்டுமென்றே வரியை அங்கேயே நிறுத்திவிட்டாராம்.

"அப்ப அம்மா சொன்னதுதானே சரி, மாமி?" என்றாள் உன் மகள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நீ சொன்னதுதான் சரி, கமலா. இந்த ஒரு வார்த்தையை நீ இருக்கும்போது சொல்ல எனக்கு ஏன் மனசு வரவில்லை?

திவ்யா இப்போது மலையாளத்தில் கவிதை எழுதுகிறாள். பயந்து பயந்துதான் என்னிடம் காட்டுகிறாள். இனி அவள் வாசித்து முடிக்கிறவரை நான் பேனாவைத் தொட மாட்டேன். உன் மேல் சத்தியம்.

உன் சண்டைக்கார அண்ணி