கம்பெனி சாதனம்

2013 ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் சாரல், பிறகு வெயில். கரண்ட் போய்ப் போய் வந்தது. என் லேப்பில் தக்கலை பல் டாக்டருக்கு இரண்டு முன்பல் கேப் செய்து முடித்தேன். கீழ்வரிசைப் பல்செட் நாளைக்கு.

கூரியர்காரன் வந்தான். பல் அச்சு ஏதாவது வந்திருக்கும் என்று பார்த்தால் வீட்டுக்காரருக்குப் பொதி. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் தபால்தலை அளவில் ஒரு பித்தளைத் தகடு. இவர் ஒட்டிச் சேர்க்கிற பொம்மை விமானத்துக்குள் விமானி உட்காருகிற இடத்தில் ஒட்ட வேண்டிய டயல், சுவிட்ச், பெடல் எல்லாம் அதில் வெட்டி இருக்கிறதாம். விலைச்சீட்டைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். நான் எடுத்துப் பார்த்தேன். மொத்த விமானத்தையும் வாங்கிய காசைவிடத் தகட்டுக்குக் கூடுதல்.

"போன மாசத்துக்கு இப்ப ஏறியிருக்கே."

"ரூபா விழுந்து கெடக்குல்லா. வெளிநாட்டுச் சாதனம் ஏறத்தான செய்யும்." ரூபாயை நான்தான் தள்ளிவிட்டேன் என்பது போல ஒரு முகம்.

மேல்மூடி ஒட்டிய பிறகு இதில் பாதி வெளியே தெரியாதாம். அதையும் அவரே சொல்கிறார். நல்ல கூத்து.

ஆகஸ்ட் 22

சாளை மீன் விலை இறங்கியிருக்கிறது. புளிமுளம் குழம்பு வைத்தேன், மரச்சீனிக் கிழங்கு அவித்தேன். இவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணமான நாள் தொட்டு மஸ்கட் விமான நிலையத்தில் பெட்டி இழுக்கிற வண்டி ஓட்டிவிட்டு, ஈஸ்டருக்கு மொத்தமாக வந்து சேர்ந்தார். வேறு விசா வரும் வரும் என்று இருக்கிறார். அதுவரை பிளாஸ்டிக் விமானம். அங்கே ரூமில் இருந்தபோது பிடித்த பைத்தியம். வீட்டுச் செலவு முழுக்க என் லேப்பில் செய்கிற பல்லில் ஓடுகிறது. லேப்புக்குள் கால் வைக்க மாட்டார். நாற்றமாம்.

இனி வாங்க வேண்டியவை என்று கம்ப்யூட்டர் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்:

சக்கரம், ரெசின். (பெட்டியோடு வந்த சக்கரத்துக்கு என்ன கேடு? ரெசின் என்றால் என் மேசையில் டப்பா டப்பாவாக நிற்கிற பிசினுக்குச் சித்தப்பா மகன், அவ்வளவுதான்.)

துப்பாக்கிக் குழல், உலோகம். (குண்டூசியை வெட்டி வைத்தால் ஆகாதா?)

இருக்கை, வார்களோடு, ரெசின்.

இருக்கைக்குக் கீழே இரண்டு கோடு. அந்த விமானத்துக்கு நம் நாட்டில் எங்கும் அது இல்லையாம். வெளிநாட்டில் ஒருவன் வைத்திருக்கிறான், யானை விலை சொல்கிறான். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கை. அந்தக் காசுக்கு ஒரு கிழவருக்கு மேல்வரிசை முழுக்கப் பல் கட்டிக் கொடுத்து, கடித்துத் தின்ன முறுக்கும் வாங்கிக் கொடுக்கலாம்.

ஆகஸ்ட் 30

பொம்மைப் பெட்டி மேல் இருக்கிற படத்தையும் அவருடைய விமானப் புத்தகத்தையும் பார்த்து மெழுகில் இருக்கை செதுக்க ஆரம்பித்தேன். கோபத்தில்தான். முதல் இரண்டும் சரியில்லை, நசுக்கிப் போட்டேன்.

செப்டம்பர் 4

தோள் வார் ஒன்று முதுகுப்பக்கம் மடங்கி விழுகிற மாதிரி வந்துவிட்டது. துணி மாதிரியே. என் கண்ணே பட்டுவிடும். சிலிக்கோனில் அச்சு எடுத்துப் பிசின் ஊற்றினேன். ஒரு குமிழி கிடையாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். பூசை முடிந்து வந்ததும் சின்ன டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். பரீட்சை பேப்பர் வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நின்றேன்.

லென்ஸை எடுக்கக்கூட இல்லை. கையில் வைத்து உருட்டினார்.

"கொள்ளாம், பரவாயில்ல. நீயா செஞ்ச?"

"பின்ன?"

"கொள்ளாம், கொள்ளாம். ஆனா ஏட்டி, கம்பெனி சாதனம் மாதிரி வருமா? அவனுவ அளவு எடுத்துல்லா செய்யுகானுவ."

அளவாம். ஒரு மயிரிழை உயர்ந்தால் அந்த ஆள் சோறு மெல்ல முடியாது, டாக்டர் ஃபோனில் கத்துவார். அப்படிப்பட்ட வேலையில் தின்று உடுத்துகிறவளிடம் அளவு பேசுகிறார், வண்டியில் பெட்டி இழுத்தவர்.

சாயங்காலம் பார்த்தேன். என் இருக்கை ஸ்குரூ போட்டு வைக்கிற மூடிக்குள் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதுவரை தேடவில்லை.

செப்டம்பர் 10

அவருக்கு வருகிற பொதிகளின் மேல் சென்னைக் கடை விலாசம் இருக்குமே. அந்த விலாசத்துக்கு இருக்கையை அனுப்பினேன். கூட ஒரு வரி: இது விற்குமா? கீழே என் நம்பர்.

அசட்டுத்தனம். போகட்டும்.

செப்டம்பர் 17

மழை. பஸ்ஸில் பின்னால் ஒருத்தி ஃபோனில்: "அவனுக்கு மூளை உண்டும் மக்கா, அத செலவாக்க மாட்டான்." எங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

சென்னைக் கடைக்காரன் கூப்பிட்டான். முழுப் பேச்சையும் எழுதி வைக்கிறேன், பிறகு வாசித்துச் சிரிக்க.

"மேடம், சூப்பரா இருக்கு. யாரு பண்ணது?"

"நான்தான்."

"இல்ல மேடம், மாஸ்டர் யாரு? செதுக்கினவர்?"

"நான்தான்னு சொல்லுதேன்லா."

"சரி சரி. ஹஸ்பண்ட் இருக்காங்களா? அவர்கிட்ட டீடெய்ல் பேசிக்கறேன்."

ஹஸ்பண்ட் தூங்குகிறார் என்றேன். உண்மையும் அதுதான்.

முதலில் முப்பது வேண்டுமாம். கறுப்புப் பெட்டியில் போட்டு ஜெர்மன் பெயர் ஒன்று வைப்பானாம். "நம்ம ஊர்ல பண்ணதுன்னா ஒருத்தனும் தொட மாட்டான் மேடம்." பொய்தானே என்றேன். "பொய்னு இல்ல, பிராண்டு." போனால் போகிறது என்று சம்மதித்தேன். பொங்கலுக்குப் பெரிய ஆர்டர் தருகிறேன் என்கிறான். அது வந்தால் லேப்புக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்கிவிடலாம். கரண்ட் போய்ப் பாதியில் நிற்கிற செட்டுகளை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

அக்டோபர் 7

ஊற்றல், உடைத்தல், தேய்த்தல். நடுவில் டாக்டர்மாருக்குப் பல். முப்பதும் அனுப்பியாயிற்று. இடுப்பு ஒடிகிறது.

அக்டோபர் 12

"ஏட்டி, இஞ்ச வா. ஓடி வா."

பாம்பு ஏதும் வந்துவிட்டதோ என்று ஈரக்கையோடு ஓடினேன். கம்ப்யூட்டரில் கறுப்புப் பெட்டி. அதற்குள் என் இருக்கை, பெரிதாக, பூசணிக்காய் அளவுக்கு.

"ஜெர்மன்காரன் எறக்கிட்டான். அந்தத் தோள்வாரப் பாரு. மடிஞ்சு கெடக்கது பாத்தியா?"

"பாத்தேன்."

"இதுக்குப் பேரு வேலை."

விலையைப் பார்த்தேன். நான் கொடுத்த விலையைப்போல நாலு மடங்கு. வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும். சொல்லவில்லை. செப்டம்பரில் இதைத்தானே ஐயா ஸ்குரூ மூடியில் போட்டீர்? வாங்கும், நல்லா வாங்கும்.

வாங்கிவிட்டார்.

அக்டோபர் 21, திங்கள்

என் இருக்கை எங்கள் இரணியலிலிருந்து சென்னைக்குப் போய், ஜெர்மன் ஆகி, இரணியலுக்கே வந்து சேர்ந்தது. அதே கூரியர்காரன்.

லென்ஸ், விளக்கு, கைதுடைக்கத் துணி எல்லாம் தயார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். வெகுநேரம் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூச்சுக்கூட மெதுவாக விட்டார்.

"இதச் செஞ்சவனுக்க கைக்கு ஒரு மோதிரம் போடணும், கேட்டியா."

அடுப்பில் பால் என்று சொல்லி எழுந்து அடுக்களைக்குப் போனேன். சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் செய்த எதையும் இந்த மனுஷன் இப்படிக் குனிந்து பார்த்ததில்லை. நான் வைத்த மீன்கறியை, பெற்று ஹாஸ்டலில் படிக்க வைத்திருக்கிற பிள்ளையை, கட்டிய வீட்டை, எதையும். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே கோபம் வந்தது.

பால் பொங்கவில்லை. அடுப்பில் பாலே இல்லை.

அக்டோபர் 29

இன்டர்நெட்டில் இந்த விமானப் பைத்தியங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. இவர் அதில் என் இருக்கையைப் புகழ்ந்து நீளமாக எழுதியிருக்கிறார். கீழே நூறு பேர் ஆமாம் சாமி. ஒருவன், ஜெர்மன்காரர்களின் ஒழுக்கம் இதில் தெரிகிறது என்கிறான். நான் அதை ஊற்றிய அன்று தலை சீவக்கூட நேரமில்லை.

சென்னைக்காரன் ஃபோன். "விலைய ஏத்தினேன் மேடம். ஏத்தினப்புறம்தான் இன்னும் ஸ்பீடா போகுது." மூளை கெட்ட கூட்டம். மலிவாகக் கொடுத்தால் மதிக்காது, கழுத்தை அறுத்தால் கும்பிடும். பொங்கல் ஆர்டர் உறுதி என்றான். குளச்சல் கடையில் இன்வெர்ட்டர் பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 12

இரண்டு நாளாக அடைமழை. துணி காயவில்லை.

இரண்டாவது விமானம் ஆரம்பித்திருக்கிறார். அதற்கும் அதே இருக்கை வேண்டும். ஏறின விலையைப் பார்த்து அவருக்கே நெஞ்சை அடைத்துவிட்டது போல. லேப் வாசலில் வந்து நின்றார், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு.

"ஏட்டி, முன்ன ஒண்ணு செஞ்சியே. அது மாதிரி ஒண்ணு செஞ்சு தாயேன். கம்பெனி அளவுக்கு எல்லாம் வேண்டாம். ஏதோ ஒப்புக்கு."

ஒப்புக்கு. நான் தள்ளி நின்றேன். எனக்குப் பின்னால் மேசையில் தட்டு நிறைய இருக்கைகள், அச்சிலிருந்து உடைத்தெடுத்துத் தேய்க்க வைத்தவை.

துண்டு கீழே இறங்கியது. உள்ளே வந்தார். ஒன்றை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். என் முக்காலியில் உட்கார்ந்தார்.

"இது..."

"ஜெர்மன்," என்றேன்.

நவம்பர் 14

இவர் புட்டும் பயறும் தின்றுவிட்டுக் குடையோடு போனார், சாயங்காலம் வந்தார், திரும்பக் கம்ப்யூட்டர் முன்னால். தட்டில் இருந்து ஒரு இருக்கையைக் காணவில்லை. கொடுத்த காசை நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார் போல. வைக்கட்டும். எனக்கு மூன்று கேப், ஒரு மேல்செட்.

நவம்பர் 15, வெள்ளி

சென்னைக்காரன் காலையிலேயே கத்தல். "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? உங்க ஹஸ்பண்ட் குரூப்ல எழுதியிருக்காரு, ஃபோட்டோவோட!"

போய்ப் பார்த்தேன். என் மேசை, தட்டு, மெழுகுக் கத்தி எல்லாம் படத்தில். நான் கடைக்குப் போன நேரத்தில் எடுத்திருக்கிறார். கீழே இங்கிலீஷில், எழுத்துப்பிழையோடு: இதைச் செய்வது ஜெர்மன்காரன் கிடையாது, என் மனைவி மேரி ஸ்டெல்லா. இரணியலில் பல் செய்கிறாள். முதலில் எனக்குத்தான் தந்தாள், எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

என் முழுப்பேரை அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை.

அதன் கீழே கூட்டம். பல் கட்டுகிற பொம்பளை செய்ததற்கா இந்த விலை என்று ஒருவன். வார் கொஞ்சம் தடிப்புதான், அன்றைக்கே நினைத்தேன் என்று இன்னொருவன். ஒழுக்கம் தெரிகிறது என்றானே, அவன் காசைத் திருப்பிக் கேட்கிறான். எல்லாம் அதே அச்சு, அதே பிசின், அதே இருக்கை. தூ!

பொங்கல் ஆர்டர் ரத்து. விற்காததைத் திருப்பி அனுப்புவானாம், கூரியர் செலவு என் தலையில்.

நவம்பர் 16

மழை விட்டிருக்கிறது. பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று, செட் பாதியில். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மெழுகு செதுக்கிக்கொண்டிருந்தேன். இவர் வந்தார். துண்டு இல்லாமல்.

"நான் கெடுத்துப்போட்டேனா?"

"கெடுத்துட்டீங்க."

மேசையில் கிடந்த தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சென்னைக்காரன்ட்ட நான் பேசினேன். குரூப்ல எழுதினத அழிச்சா, ஆர்டர் திரும்பத் தாறேன்னு சொல்லுகான். அழிச்சிரட்டா? உனக்க இன்வெர்ட்டர்..."

"அழிச்சுப் பாருங்க," என்றேன், "கைய முறிச்சுப்போடுவேன்."