விமானத்தைக் கவிழ்த்த பூண்டு

என் அருமை அத்தாவுக்கு,

ஸலாம். மையவாடி மண்ணுக்கடியில் உங்களுக்குக் குளிர் அதிகமாகத்தான் இருக்கும். இந்த வருஷம் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனியில் கருகிப்போச்சு. ஆனால் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. விசாரணைக்குத்தான் எழுதுகிறேன். "என் வீட்டுக்குள்ளயே போலீஸ் ஸ்டேஷன் இருக்கு" என்று கேலி செய்வீர்களே, அந்தப் போலீஸ்காரிதான்.

விஷயம் அந்த ஏரோப்ளேன் கம்பெனி. ஒரே ஒரு குட்டி விமானம். மதுரையிலிருந்து திருச்சிக்குப் பறந்து, மெட்ராஸ் போகும் பெரிய விமானத்தில் ஆட்களைச் சேர்த்துவிட்டுத் திரும்பும். கொடைக்கானலில் அதற்கு ஏஜெண்டு நீங்கள். நம் பஜார் கடையில் பருப்பு மூட்டைகளுக்கு மேலே இறக்கை வரைந்த போர்டு தொங்கியது. சீசனுக்கு வந்த துரைமாரும் மிஷன் பள்ளிக்கூட டீச்சர்களும் நம் மூட்டைத் தராசில் ஏறி நின்றுதான் டிக்கெட் வாங்கினார்கள். சின்ன விமானம் என்பதால் ஆளையும் எடை போட வேண்டும். குண்டான துரைசாணி ஏறினால் நீங்கள் முள்ளை மட்டும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

சீசன் முடிந்தால் சீட்டெல்லாம் காலி. அந்த இடத்தில் பூண்டி, கூக்கால் கிராமங்களின் மலைப்பூண்டை ஏற்றலாம் என்று யோசனை சொன்னதும் நீங்கள்தான். கம்பெனி மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

பிறகு ஒரு மழைநாளில் மதுரையில் விமானம் மேலே எழும்பாமல், ஓடுபாதையைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் போய் மூக்கைக் குத்தி நின்றது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கம்பெனிதான் அதோடு படுத்துவிட்டது. கொடைக்கானல் ஏஜெண்டு பூண்டு எடையைக் குறைத்து எழுதிவிட்டார் என்றார் மேனேஜர்.

பஜார் உடனே நம்பியது. ஏன் நம்பாது? ஈரப்பூண்டு காய்ந்தால் எடை குறையும், அதனால் மூட்டைக்கு இவ்வளவு என்று கழிவு போட்டு எழுதுவதுதான் நம் மண்டி வழக்கம். விமானத்துக்குப் போன மூட்டைக்கும் கைப்பழக்கத்தில் நீங்கள் அப்படியே எழுதியிருந்தீர்கள். காயப்போகிற பூண்டுக்கு அது சரி. அன்றைக்கே பறக்கிற விமானத்துக்கு அது தெரியுமா?

"ப்ளேனைக் கவுத்த பாய் கடை" என்று நமக்குப் பெயர் வந்தது. நீங்கள் போர்டைக் கழற்றினீர்கள், பூண்டு வியாபாரத்தையே விட்டீர்கள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். அழுகின ஒரு பேரிக்காய்க்காக லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்கிற மனுஷர் இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டார்? தப்புச் செய்தவர்தான் இப்படி அடங்குவார் என்றது பஜார். எனக்கும் இத்தனை வருஷம் வேறு பதில் கிடைக்கவில்லை.

போன வாரம் தம்பி சரக்கெடுக்கப் போயிருந்ததால் கல்லாவில் நான் இருந்தேன். அய்யம்பாளையத்துக்காரர் ஒருவர் வந்தார். மதுரை விமானத் திடலில் அந்தக் கம்பெனிக்கு மூட்டை ஏற்றியவராம்.

"ஒங்க அத்தா பூண்டு அன்னைக்கு ஏறவே இல்லம்மா" என்றார். "மேனேஜர் திருச்சிக்கு வீடு மாத்துனாரு. மூட்டைய ஷெட்டுல தள்ளிட்டு அம்மி, ஆட்டுக்கல்லு, இரும்புப் பெட்டியெல்லாம் ஏத்துன்னாரு. எடை போடவா சாமின்னு கேட்டேன். ஏலே, ஒன் சோலியப் பாருன்னுட்டாரு."

"கவுந்த பெறகு அந்தக் கல்லையெல்லாம் யாரும் பாக்கலையா?"

"ஆளுக வாரதுக்குள்ள வெரசா எறக்கி ஜீப்புல அனுப்பிட்டாரு. மறுநா வெள்ளனே ஒங்க அத்தா வந்தாங்க. மூட்டை ஷெட்டுல கெடக்கு, பாத்துட்டாங்க. விசயம் வெளிய வந்தா ஏத்துனவன் நான்தான்னு என்னையத்தான் புடிச்சுக் குடுப்பாக. பிள்ளகுட்டிக்காரன், கால்ல விழுந்தேன். மூட்டைய லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கம்மா."

"இத்தன வருசம் எங்க போயிருந்தீங்க?"

"அந்த மேனேஜர் இருந்தவரைக்கும் பயம். இப்பத்தான் போய்ச் சேந்தாரு."

நான் நம்பவில்லை அத்தா. நீங்கள், மேனேஜர் என்று இரண்டு மையத்துகளைச் சாட்சிக்கு வைத்துப் பேசுகிறவரை எப்படி நம்புவது? டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, இந்த ஆளுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த மழைக்காலத்து நம் வீட்டுச் சாப்பாடு ஞாபகம் வந்தது. குழம்பில் பூண்டு, துவையலில் பூண்டு, ஊறுகாயும் பூண்டு. "மண்டியக் கொண்டாந்து அடுப்படியில வச்சுட்டாரே இந்த மனுசன்" என்று அம்மா புலம்பினார்கள். வியாபாரத்தை விட்ட வீட்டில் அவ்வளவு பூண்டு ஏது? மறு தட்டு வாங்கிச் சாப்பிட்டேனே தவிர, அந்தப் போலீஸ்காரிக்குக் கேட்கத் தோன்றவில்லை. வந்தவருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

ஷெட்டில் கிடந்திருந்தால் உங்களைக் காப்பாற்றியிருக்கும் மூட்டைகளை நீங்களே அள்ளிக்கொண்டு வந்தீர்கள். சரி. என்னிடம் மட்டுமாவது ஏன் சொல்லவில்லை? மூட்டை ஏற்றின ஆளைத் தேடிப் பிடித்துப் பஜார் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று என்னையே சந்தேகப்பட்டீர்களா?

நியாயமான சந்தேகம்தான். நிறுத்தியிருப்பேன்.

அவர் தன் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டுத்தான் போனார். இந்தக் கடிதத்தில் தேடிப்பாருங்கள், அந்தப் பெயர் இல்லை. என் வாயிலிருந்தும் வராது. பஜார் நம் கடையை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் வராது அத்தா.

அதே கல்லாவிலிருந்து,
உங்கள் மூத்த மகள்
ஜுலைகா